இரண்டு இழை அறுந்த கம்பியோடு பழைய பாய்மரப் படகை ஓட்டலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தென்கரையில் சிச்செஸ்டர் துறைமுகத்தில் நிற்கும் 1976-ஆம் வருடத்து வெஸ்டர்லி சென்டார் படகை வாங்கியிருக்கிறீர்கள். பாய்மரத்தின் நடுப்பகுதியிலிருந்து டெக்குக்கு இறங்கி அதை இடப்பக்கம் பிடித்திருக்கும் கீழ்க்கம்பிகளில் பின்னால் உள்ள ஒன்றில், டெக்கை ஒட்டிய முனையில் இரண்டு இழை அறுந்திருக்கிறது. கம்பிகளின் வயது விற்றவருக்கே தெரியவில்லை. நீங்கள் முடித்திருப்பது பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் காம்பிடன்ட் க்ரூ என்ற தொடக்கநிலைப் பயிற்சி மட்டும். படகை சுமார் 20 கடல் மைல் தள்ளி ஹேம்பிள் ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். காற்று குறைந்த நாளாகப் பார்த்து, முன்பாயைப் பாதி மட்டும் விரித்து மெதுவாகப் போனால் போதாதா, கம்பியைக் குளிர்காலத்தில் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கிறீர்கள்.

போதாது. அந்தக் கம்பியை வைத்துக்கொண்டு பாய் விரிக்காதீர்கள், பாதிப் பாய்கூட வேண்டாம். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். படகை ஹேம்பிளுக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

நீங்கள் வாங்கியது நல்ல படகு. லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பில் வந்த 26 அடி சென்டார், 1969 முதல் 1980 வரை 2,400-க்கு மேல் கட்டப்பட்டது. அடியில் இரட்டைக் கீல், அதாவது உடலுக்குக் கீழே துடுப்புபோல இறங்கும் கனமான தகடு இரண்டு, இருப்பதால் நீர் வற்றினாலும் சேற்றில் நிமிர்ந்தே உட்காரும். கண்ணாடியிழை உடலைத் தடிமனாகவே போட்டார்கள், அதனால்தான் இன்றும் தென்கரையின் ஓடைகளில் இத்தனை சென்டார்கள் கிடக்கின்றன. ஆனால் உடலின் ஆயுள் வேறு, பாய்மரத்தைத் தாங்கும் கம்பியின் ஆயுள் வேறு. பழைய படகு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உடலைத் தட்டிப் பார்த்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, பளபளவென்று இருக்கும் கம்பியை ஒரு பார்வையில் தாண்டிவிடுகிறார்கள்.

மொத்தம் 19 இழை, அதில் 2 போய்விட்டது, 17 இருக்கிறதே, பத்து சதவீத பலம்தானே குறைந்தது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் உலோகம் அப்படி நடந்துகொள்வதில்லை. இந்தக் கம்பியில் நடுவில் ஒரு இழை, அதைச் சுற்றி 6, அதற்கும் வெளியே 12. கண்ணுக்குத் தெரிவது வெளிவட்டத்தின் 12 மட்டும். உள்ளே இருக்கும் 7 இழையை யாராலும் பார்க்க முடியாது. வெளியே 2 அறுந்தது அந்த இடத்தில் இழுவை அதிகமாகி அல்ல, வருடக்கணக்கில் அசைந்து அசைந்து உலோகம் களைத்துப்போனதால். வீட்டில் ஒரு கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். கடைசி வளைப்பு வரை ஒன்றும் தெரியாது, அடுத்ததில் பட்டென்று ஒடிந்துவிடும். அதே அசைவைத்தான் மற்ற 17 இழையும் அதே வருடங்களாக வாங்கியிருக்கின்றன. இரண்டு முந்திக்கொண்டன, மற்றவை வரிசையில் நிற்கின்றன. அதோடு, அறுந்த இரண்டும் விட்ட சுமை இப்போது மிச்சமுள்ளவற்றின் மேல் ஏறியிருக்கிறது.

அறுந்த இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். நல்ல நீரால் உப்பைக் கழுவி, துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி முடிவில் ஒரு எஃகுக் குழாய்க்குள் நுழைகிறதல்லவா, அதை ஸ்வேஜ் என்போம். பெரிய அழுத்த இயந்திரத்தில் குழாயைக் கம்பியோடு சேர்த்து நசுக்கிப் பிணைத்திருப்பார்கள். இழை ஒடிந்திருப்பது அந்தக் குழாயின் வாயை ஒட்டி, ஒரு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோதான் இருக்கும். வளையக்கூடிய கம்பியும் வளையாத குழாயும் சந்திக்கும் இடம் அது, அசைவு முழுவதும் அங்கேதான் தேங்குகிறது. கீழ்முனைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. மழையும் கடல்நீரும் கம்பி வழியாக இறங்கி அந்தக் குழாய்க்குள் தங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகு அப்படியே இருப்பதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் நின்றால் அதுவும் அரிக்கும். குழாயின் வாயிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கிறதா, குழாயின் நீளவாட்டில் தலைமுடி போல ஒரு விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கம்பி மேல் சுற்றிக் கை எட்டும் உயரம் வரை இழுத்துக்கொண்டே போங்கள். ஒடிந்த இழை இருந்தால் காகிதம் மாட்டிக் கிழியும். வெறுங்கையால் தடவாதீர்கள், முறிந்த இழை ஊசி மாதிரி சதைக்குள் ஏறிவிடும்.

எல்லாக் கம்பியின் கீழ்முனையையும் இப்படிப் பாருங்கள். மேல்முனைகளைப் பார்க்க மட்டும் ஏறாதீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒன்று சந்தேகத்துக்குரியது என்றால் அந்தப் பாய்மரத்தில் ஆள் ஏறக் கூடாது, அனுபவசாலியும் ஏறக் கூடாது. போன் கேமராவைப் பெரிதாக்கியோ தொலைநோக்கியாலோ பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் யோசனைக்கு வருவோம். காற்று குறைந்த நாள் என்றால் ஆபத்தும் குறைவு என்பது பாதி உண்மை. பாயின் மேல் விழும் விசை காற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 10 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 14 ஆனால் விசை இரட்டிப்பு, 20 ஆனால் நாலு மடங்கு. நீங்கள் கடக்கப்போகும் சொலென்ட் நீரிணையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று சேர்ந்து 10 நாட் 16 ஆவது கோடைகாலத்தில் சாதாரணம். நீங்கள் கிளம்பும்போது இருந்த காற்றில்தான் போய்ச் சேருவீர்கள் என்பதற்கு உறுதி கிடையாது.

அடிபட்ட கம்பி காற்றுக்கு மறுபக்கம் இருக்கும்படி ஓட்டிவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தத்துவம் சரிதான், காற்று வரும் பக்கத்துக் கம்பிகள்தான் இழுவையைத் தாங்குகின்றன. ஆனால் உங்கள் வழியை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. சிச்செஸ்டர் வாயிலிலிருந்து மேற்கே போய், சவுத்ஸீக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பழைய நீர்மூழ்கித் தடுப்பின் குறியிட்ட இடைவெளியில் நுழைந்து, பிறகு வடமேற்கே சொலென்ட்டில் ஏற வேண்டும். அத்தனை தூரமும் காற்று உங்கள் இடப்பக்கம்தான். அடிபட்ட கம்பியும் அதே பக்கம். மறுபக்கம் போனாலும் அந்தக் கம்பிக்கு ஓய்வு கிடைத்துவிடாது. தளர்ந்து ஆடும் கம்பிதான் குழாயின் வாயில் மறுபடி மறுபடி வளைகிறது, அந்த இழைகள் இந்த நிலைக்கு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, பாயே வேண்டாம், எஞ்சினிலேயே போய்விடலாம் என்றால்? இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் கோட்டை விடுகிறார்கள். பாய் இல்லையென்றால் பாய்மரத்துக்குச் சுமை இல்லை என்று நினைப்பது தவறு. பாய் விரித்த படகு ஒரு பக்கம் சாய்ந்து நிதானமாகப் போகும். பாயில்லாத படகு பக்கவாட்டு அலையில் இடமும் வலமுமாக உருளும். ஒவ்வொரு உருளலின் முடிவிலும் அந்த நீண்ட அலுமினியத் தூண் தன் எடையோடு வெளியே பாயப் பார்க்கிறது, கம்பிகள் வெடுக்கென்று பிடித்து நிறுத்துகின்றன. போர்ட்ஸ்மவுத் வாயிலைக் கடக்கும்போது பெரிய ஃபெரிகளும் கப்பல்களும் கிளப்பும் அலை போதும். களைத்த உலோகத்துக்கு நிதானமான இழுவையைவிட இந்த வெடுக்கென்ற இழுப்புதான் கெடுதல்.

ஆகவே நான் செய்யச் சொல்வது: பாய்மரத்தைச் சிச்செஸ்டரிலேயே இறக்கிவிடுங்கள். பேர்டம் பக்கம் கிரேன் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. துறைமுகத்துக்குள்ளேயே, அலையில்லாத நீரில், நீர்மட்டம் ஏறும் நேரத்தில் எஞ்சினில் அங்கே போய்விடலாம். சென்டாரின் பாய்மரம் டெக்கின் மேல் நிற்பது, உடலுக்குள் இறங்குவதில்லை. அதனால் இறக்குவது பெரிய வேலை அல்ல, பட்டறைக்காரர்களுக்குக் காலைநேர வேலைதான்.

அந்தச் சிறு பயணத்துக்கும் அடிபட்ட கம்பிக்கு ஒரு துணை வேண்டும். மேலே ஏறாமல் டெக்கிலிருந்தே செய்யலாம். பெரிய பாயையும் அதன் அடித்தண்டையும் கழற்றி உள்ளே வையுங்கள். டைனிமா என்ற நீளாத செயற்கை இழைக் கயிற்றை 8 மி.மீ. தடிமனில், அது இல்லையென்றால் அதிகம் நீளாத வேறு நல்ல கயிற்றை, பாய்மரத்தைச் சுற்றித் தளர்வான வளையமாகக் கட்டுங்கள். பாய் ஏற்றும் ஹேலியர்டை அதில் முடிந்து மேலே இழுத்தால், பக்கக் கம்பிகளை வெளியே தள்ளிப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் கைகள் பாய்மரத்தில் சேரும் இடத்துக்குக் கீழே போய் வளையம் நிற்கும். கீழ்க்கம்பிகள் பிடித்திருப்பதும் அந்த உயரத்தில்தான். வளையத்திலிருந்து வரும் முனையை அடிபட்ட கம்பி டெக்கில் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உறுதியான பிடிப்பு ஒன்றின் வழியாகத் திருப்பி, கயிறு இறுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றி இறுக்குங்கள். கயிற்றை விரலால் அழுத்தினால் அசையக் கூடாது, ஆனால் பாய்மரம் அந்தப் பக்கம் வளையவும் கூடாது. பாய்மரத்தின் பின்பக்கத்துப் பள்ளத்தில் கண்ணை வைத்து மேலே பார்த்தால் வளைவு உடனே தெரிந்துவிடும். வளையத்தை மறுபடி கீழே இழுக்க இன்னொரு மெல்லிய கயிற்றையும் முதலிலேயே கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது மேலேயே நின்றுவிடும்.

மீதமிருக்கும் ஒரு ஹேலியர்டை இடப்பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். அது தலையைத்தான் பிடிக்கும். கீழ்க்கம்பியின் வேலை பாய்மரத்தின் நடுப்பகுதியைப் பிடிப்பது. நடு வளைந்தால் தலையை எத்தனை கயிறு பிடித்தாலும் பயனில்லை, அங்கேயே மடிந்துவிடும்.

இறக்கிய பாய்மரத்தை டெக்கிலேயே நீளவாட்டில் கட்டி எஞ்சினில் ஹேம்பிளுக்குப் போகலாம், அல்லது இங்கேயே கம்பி மாற்றிப் பாய்மரத்தை ஏற்றிய பிறகு போகலாம். இரண்டாவதே நல்லது. முதல் வழிதான் என்றால் நாலு விஷயம் மனதில் இருக்கட்டும். பாய்மரம் இல்லாத படகு வேகமாகவும் வெடுக்கென்றும் உருளும், வயிற்றைப் புரட்டும். 1979 ஃபாஸ்ட்நெட் போட்டியில் நடந்த உயிரிழப்புகளுக்குப் பின் செய்த ஆய்வுகளில், பாய்மரத்தை இழந்த படகை உடையும் அலை சுலபமாகப் புரட்டிவிடுகிறது என்பது தெளிவானது. அந்தத் தூணின் எடைதான் உருளலுக்கு ஒரு மந்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே சிச்செஸ்டர் வாயிலின் மணல்திட்டை, தெற்குக் காற்று பலமாக வீசும்போது நீர் வற்றும் நேரத்தில் கடக்கவே கூடாது. எதிரெதிராக மோதும் நீரும் காற்றும் அங்கே அலையை உடைக்கும். அடுத்தது, உங்கள் வி.எச்.எஃப். ரேடியோவின் ஏரியல் பாய்மரத் தலையில் இருக்கிறது, பாய்மரத்தை இறக்கினால் ரேடியோ ஊமை. கையில் பிடிக்கும் ரேடியோ ஒன்று சார்ஜோடு இருக்கட்டும். மூன்றாவது, பழைய டீசல் டேங்க். வருடக்கணக்கில் அசையாமல் நின்ற படகின் டேங்க் அடியில் கசடு படிந்திருக்கும். முதல் நாள் உருளலில் அது கலங்கி ஃபில்டரை அடைக்கும், எஞ்சின் நிற்கும். மாற்று ஃபில்டர் வாங்கி, அதை மாற்றவும் எரிபொருள் குழாயில் காற்றை வெளியேற்றவும் கரையிலேயே ஒருமுறை பழகிவிடுங்கள். எஞ்சின் நின்றால் நிறுத்த நங்கூரம் தயாராக இருக்க வேண்டும், சங்கிலிக்கு மேல் பாய்மூட்டை கிடக்கக் கூடாது. நாலாவது, உங்களோடு அனுபவமுள்ள ஒருவர் வர வேண்டும்.

தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் உடைந்த பாய்மரத்தோடு ஒருவர் ஜெயித்தாரே என்றும் எழுதியிருந்தீர்கள். ஜான்-லுக் வான் டென் ஹீட்தான் அவர், பிரெஞ்சுக்காரர். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான உதாரணம், ஆகவே சற்று நின்று பார்ப்போம். 2018 நவம்பரில் தென் பசிபிக்கில், தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னுக்கு இன்னும் ஏறத்தாழ 1,900 கடல் மைல் இருக்கும்போது, அவருடைய ரஸ்ட்லர் 36 படகை ஒரு பெரிய அலை புரட்டிப்போட்டது. படகு நிமிர்ந்தது, ஆனால் கீழ்க்கம்பிகளைப் பாய்மரத்தோடு பிணைத்திருந்த போல்ட் அலுமினியத்தைக் கிழித்துக்கொண்டு சில சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. கீழ்க்கம்பிகள் தளர்ந்துபோயின. பார்த்தீர்களா, உங்கள் படகில் அடிபட்டிருப்பதும் அதே கீழ்க்கம்பிதான். அவர் முதலில் எடுத்த முடிவு, சிலிக்குப் போய்ப் பழுது பார்ப்பது. பிறகு நடுக்கடலில் பாய்மரம் ஏறி, அந்த இணைப்பைக் கயிறுகளால் இறுக்கிக் கட்டி, அது தாங்குகிறது என்று பார்த்த பிறகே தொடர்ந்தார். மீதித் தூரம் முழுக்கப் பாயைக் குறைத்தே ஓட்டி, 2019 ஜனவரியில் முதலாவதாக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 73 வயது, அதற்கு முன்பே உலகைப் பல தடவை சுற்றி வந்தவர்.

அவர் செய்ததில் எதைக் கற்றுக்கொள்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடிபட்ட இடத்தை முதலில் கட்டினார், பிறகுதான் ஓட்டினார். பட்டறை எட்டிய தூரத்தில் இருந்திருந்தால் அங்கேதான் போயிருப்பார், போகத்தான் முதலில் தீர்மானித்தார். உங்களுக்கோ பட்டறை அதே துறைமுகத்துக்குள் இருக்கிறது. அதே போட்டியில் 2018 செப்டம்பரில் இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமியின் துரியா படகு இந்தியப் பெருங்கடலின் தெற்கில் புரண்டு பாய்மரத்தை இழந்தது. முதுகெலும்பு அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தவரை ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் வந்து மீட்டது. அத்தனை தேர்ந்த மாலுமிக்கே பாய்மரம் விழுந்தால் நிலைமை அதுதான். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர் அதைத் தெரிந்தே வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும், நல்ல கம்பியேகூட ஒருநாள் கடலில் அறுந்துபோகலாம். அப்போது முதல் பத்து விநாடியில் என்ன செய்வது என்பது ஒவ்வொரு கம்பிக்கும் மாறும், இது பயிற்சியில் சரியாகச் சொல்லித்தரப்படாத விஷயம். பக்கக் கம்பி போனால் உடனே சுக்கானைத் திருப்பிக் காற்றை மறுபக்கம் வாங்குங்கள், சுமை நல்ல பக்கத்துக்குப் போய்விடும். பிறகு பாயை இறக்கலாம். முன்கம்பி போனால் காற்றுப் போகும் திசைக்கே படகைத் திருப்புங்கள், காற்று பாய்மரத்தை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு முன்பாயை இறக்கிவிடாதீர்கள், அந்த நேரத்தில் பாய்மரத்தை முன்னாலிருந்து பிடித்திருப்பது அதன் விளிம்பும் ஹேலியர்டும்தான். இன்னொரு ஹேலியர்டை முன்முனையில் கட்டி இறுக்கிய பிறகு இறக்குங்கள். பின்கம்பி போனால் இதற்கு நேர் எதிர். காற்றை நோக்கித் திரும்பி, பெரிய பாயின் கயிற்றை முடிந்தவரை இறுக்கி இழுங்கள், அந்தப் பாயின் பின்விளிம்பே கம்பியாக வேலை செய்யும். மூன்றிலும் ஆட்கள், சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளமான காக்பிட்டுக்குள் தலையைத் தாழ்த்தி இருக்க வேண்டும், முன்டெக்கில் யாரும் நிற்கக் கூடாது.

பாய்மரமே விழுந்துவிட்டால் முதலில் ஆட்களை எண்ணுங்கள், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைத் தொடாதீர்கள்! எல்லோருக்கும் முதலில் கை போவது சாவிக்குத்தான். ஆனால் தண்ணீரில் கயிறும் கம்பியும் பாயும் மிதக்கும்போது எஞ்சினைப் போட்டால் புரொப்பெல்லர் அவற்றைச் சுற்றிக்கொள்ளும், அப்புறம் எஞ்சினும் போனது. தண்ணீரில் கிடக்கும் பாய்மரத்தின் முறிந்த முனை ஒவ்வொரு அலைக்கும் படகின் உடலை இடிக்கும், அதை நிறுத்துவதுதான் அவசரம். கட்டி இழுத்துவைக்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் கழற்றி விட வேண்டும். கம்பியை அறுப்பதைவிட அதன் அடியை டெக்கோடு பிணைக்கும் கிளெவிஸ் பின் என்ற ஆணியைத் தட்டி எடுப்பது சுலபம். அதற்கு ஒரு சுத்தியல், ஒரு துளை உளி, நல்ல இடுக்கி, இவற்றோடு உங்கள் கம்பியின் தடிமனை ஒரே மூச்சில் வெட்டக்கூடிய போல்ட் கட்டர், எல்லாம் காக்பிட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஆடும் கம்பியை ரம்பத்தால் அறுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். முன்கம்பியைக் கடைசியில் விடுங்கள். அதுவரை மிதக்கும் பாய்மரம் படகின் முகத்தை அலைக்கு நேராகப் பிடித்து வைக்கும். உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் ரேடியோவின் சேனல் 16-ல் மேடே என்ற அபாய அழைப்பு, இல்லையென்றால் அதற்கு அடுத்த நிலையான பான்-பான். கடலோரக் காவல் படையிடம் சீக்கிரம் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கரையை நோக்கி அடித்துச் செல்லப்படும் வரை காத்திருந்து கூப்பிடுகிறவர்களைத்தான் காப்பாற்றுவது கடினம்.

இப்போது பட்டறைக்கு வருவோம். அந்த ஒரு கம்பியை மட்டும் மாற்றலாமா என்று கேட்பீர்கள். வயது தெரியாத கம்பிகள் என்றால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், முன்கம்பி, பின்கம்பி, மேல், கீழ், எல்லாம். ஒரே நாளில் போட்டவை என்றால் ஒரே அளவு களைத்திருக்கும். பிரிட்டனில் பல காப்பீட்டு நிறுவனங்கள் 10 வருடம் தாண்டிய கம்பிகளைப் பற்றிக் கேள்வி கேட்கின்றன. பழுது தெரிந்தே ஓட்டினீர்கள் என்று வந்தால் இழப்பீடு கிடைப்பது சந்தேகம், ஆகவே உங்கள் பாலிசியை எடுத்து இன்றே படியுங்கள். மாற்றியதற்கான பில்லைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

பழைய கம்பிகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், புதியவற்றின் நீளத்துக்கு அவைதான் அளவுகோல். ஒவ்வொன்றிலும் எது எந்த இடம் என்று எழுதிய டேப் ஒட்டுங்கள். கீழே இருக்கும் திருகு இணைப்பு எந்த அளவு திறந்திருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாய்மரம் கீழே கிடக்கும் அந்த ஒரு வாரம் மிகவும் விலை மதிப்பானது, மறுபடி அப்படி ஒரு வாய்ப்பு பத்து வருடத்துக்குப் பின்தான் வரும். ஸ்ப்ரெடர் கைகளின் வேர், தலையில் உள்ள கப்பிகள், உள்ளே ஓடும் மின்கம்பி, எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். எஃகுத் திருகுகள் அலுமினியத்தில் இறங்கும் இடங்களில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அங்கே அலுமினியம் அரிபடுகிறது. பாய்மரத்தின் அடிப்பாகத்தை, தண்ணீர் தேங்கும் அந்தக் கடைசிச் சில அங்குலத்தை, தனியாகப் பாருங்கள்.

அப்புறம் டெக். பாய்மரத்தின் எடையும் கம்பிகளின் இழுவையும் சேர்ந்து டெக்கின் ஒரு சிறு வட்டத்தைக் கீழே அழுத்துகின்றன. அதற்கு நேர் கீழே கேபினில் இருக்கும் தாங்கு அமைப்பில் மரம் ஈரம் ஏறி மிருதுவாகியிருக்கிறதா என்று பேனாக்கத்தியின் நுனியால் குத்திப் பாருங்கள். டெக்கில் அந்த இடம் சற்றுக் குழிந்திருக்கிறதா என்று ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பார்க்கலாம். பாய்மரம் நின்றிருந்தபோது பக்கத்துக் கேபின் கதவு இறுகி மூட மறுத்தது, இறக்கிய பிறகு லேசாக மூடுகிறது என்றால் தாங்கு அமைப்பு அமுங்குகிறது. திருகைத் தொடாமலே கம்பிகள் வருடத்துக்கு வருடம் தளர்ந்துபோவதும் அதே நோயின் அறிகுறி. இதைச் சரிசெய்யாமல் புதுக் கம்பி போட்டால் பணம் வீண். கம்பிகள் டெக்கில் மாட்டும் இரும்புகளையும் அப்படியே, அடியில் நீர்க்கசிவின் கறை இருக்கிறதா என்று உள்ளிருந்து பாருங்கள்.

இந்த வாரங்களை வீணாக்கவும் வேண்டாம். காற்றில்லாத நாளில் துறைமுகத்துக்குள் எஞ்சினில் ஜெட்டியை அணைவது, நங்கூரம் போட்டு எடுப்பது எல்லாம் கைவரட்டும், பாய்மரம் இல்லாத படகிலேயே செய்யலாம். பாய் ஓட்டப் பக்கத்துக் கிளப்பில் யாருடைய படகிலாவது க்ரூவாகப் போங்கள், ஆள் தேடாத படகு கிடையாது. முடிந்தால் படகைத் தானே நடத்தக் கற்றுத்தரும் டே ஸ்கிப்பர் பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிடுங்கள்.

பாய்மரம் ஏறியதும் திருகுகளைப் பட்டறைக்காரரையே இறுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு கிளெவிஸ் பின்னிலும் அது நழுவாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டும், அதன் கால்கள் சற்று விரிந்திருக்க வேண்டும். முதல் ஓட்டம் துறைமுகத்துக்குள், 7 முதல் 10 நாட் காற்றில் போதும். படகு சாய்ந்து ஓடும்போது பாய்மரப் பள்ளத்தின் வழியே மேலே பார்த்து அது நேராக நிற்கிறதா என்று கவனியுங்கள், மறுபக்கமும் திரும்பிப் பாருங்கள். புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் சற்று நீளும். ஆகவே மறுபடி இறுக்கிய பிறகுதான் திருகுகளில் ஸ்ப்ளிட் பின் போட்டு, துணி கிழியாமல் இருக்க டேப் சுற்ற வேண்டும். ஹேம்பிளுக்குக் கிளம்புவது அதற்கு அடுத்த வாரம்.